இரண்டு கற்களும் ஆதி உயிரும்: ஒரு வாசிப்பு

விமர்சனம் என்றதும் எம்மவருக்குக் கவிதைத் தொகுதியும் சிறுகதைத் தொகுதியுமே நினைவுக்கு வருகின்றன. வெளியீட்டு விழா மேடையில் நூலாசிரியரைப் புகழ்வது ஒரு வகை. சஞ்சிகையில் அவரைக் கீறிக் கிழிப்பது இன்னொரு வகை. ஆனால் பத்திரிகைச் செய்தியும் ஒரு பிரதிதான். விஞ்ஞான ஆய்வுக் கட்டுரையும் ஒரு பிரதிதான். அவற்றை நாம் எவ்வாறு வாசிக்கிறோம், எவ்வளவு அவசரமாக நம்புகிறோம், ஏன் நம்ப விரும்புகிறோம் என்பதெல்லாம் விமர்சனத்துக்குரிய விடயங்களே.

பூமியின் ஆதி உயிர்கள் பற்றிய தேடலில் இலங்கையில் பிறந்த இருவர் பங்கெடுத்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை இங்கு எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களைப் பற்றியவை. அவற்றுள் ஒன்றை நான் தவறாக வாசித்தேன். அத்தோடு நில்லாமல் பிள்ளைகளுக்கும் அவ்வாறே ஓதிக்கொடுத்தேன். அந்தக் கடனையும் இதில் அடைக்கப் பார்க்கிறேன்.

2013 ஜனவரி. முதலாம் தவணை தொடங்கிய நாட்கள். ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறிச் சில வருடங்களே ஆகியிருந்த நான், பசறைக்கு அப்பால் நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலைக் கூட்டத்தில் அன்றைய செய்தியைச் சொல்வதும் என் பொறுப்பு. அந்த வாரம் வந்த செய்தி என்னைத் தரையில் நிற்கவிடவில்லை.

2012 டிசம்பர் 29 ஆம் திகதி மாலை பொலன்னறுவை மாவட்டத்தின் அரலகன்வில பகுதியில் விண்கல் ஒன்று விழுந்ததாம். அதன் துண்டுகளைப் பிரித்தானியாவில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார்களாம். உள்ளே டயற்றம்களின் உயிர்ச்சுவடுகள் இருந்தனவாம். டயற்றம் என்பது சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒருகல அல்கா. இதை அறிவித்த குழுவின் தலைவர் கொழும்பில் பிறந்த வானியலாளர் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க. உயிர் பூமியில் தோன்றவில்லை, வால்வெள்ளிகள் வழியாக விண்வெளியிலிருந்து வந்தது என்று 1970களிலிருந்தே வாதிட்டுவருபவர்.

"உலகத்தின் முதல் உயிர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எமது மண்ணில் விழுந்த கல், எமது நாட்டு விஞ்ஞானியின் வாயால் பதில் சொல்லிவிட்டது" என்று அன்று காலைக் கூட்டத்தில் முழங்கினேன். அதிபரும் தலையசைத்தார்.

பத்தாம் வகுப்பில் அதே பத்திரிகைப் படத்தைக் கரும்பலகையில் ஒட்டினேன். தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இது போன வருஷம் நாங்க ஓடைத் தண்ணியில பார்த்த மாதிரியே இருக்கே. அந்தக் கல்லு விழுந்த பக்கமும் வயலும் வாய்க்காலும்தானே. அங்கயிருந்து ஒட்டியிருக்காதா?" என்றாள்.

எமது பாடசாலையில் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. முந்திய வருடம் ஓடைக் கல்லில் வழுக்கும் கபிலநிறப் படலத்தைச் சுரண்டி, கண்ணாடி வழுக்கியில் வைத்து, வரிசையில் நிறுத்திக் காட்டியவன் நான்தான். தோணி போன்ற வடிவமும் ஓட்டில் ஒழுங்காகக் கீறிய கோடுகளும் அவள் கண்ணில் நின்றிருக்கின்றன. என் கண்ணில் நிற்கவில்லை.

"அதெல்லாம் அந்தப் பெரிய ஆக்களுக்குத் தெரியாதா மகள்? இரிங்க" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவள் இருந்துவிட்டாள்.

சில வாரங்களின் பின்னர் உலகெங்குமிருந்து வந்த மறுப்புகளை வாசித்தபோது அவள் கேட்டதையே நிபுணர்களும் கேட்டிருந்தார்கள். அந்தப் படங்களில் இருப்பவை இன்றும் பூமியின் நன்னீரில் வாழும் டயற்றம்களே என்றார்கள் அத்துறை சார்ந்தோர். அது விண்கல்தானா என்பதையே வேறு சிலர் ஏற்கவில்லை. விக்கிரமசிங்க குழுவினர் தமது கூற்றைக் கைவிடவில்லை. மேலும் கட்டுரைகள் எழுதினார்கள். எனினும் ஆதி உயிர் பற்றிய ஆய்வுலகம் அந்தக் கல்லை ஒரு சான்றாக இன்றுவரை ஏற்கவில்லை.

இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வாசிப்புக்குத் தேவையான கருவி எம்மவரிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஹதீஸ் கலையை ஓரளவு அறிந்தவர்களுக்கும் ஸனத், மத்ன் என்ற இரண்டு சொற்கள் தெரியும். ஒரு செய்தி யார் யார் வழியாக வந்து சேர்ந்தது என்ற அறிவிப்பாளர் தொடர் ஸனத். அச்செய்தியின் வாசகம் மத்ன். தொடரில் ஓரிடத்தில் அறுந்தாலும், இடையிலுள்ள ஒருவர் நம்பகமற்றவர் ஆனாலும், செய்தி எவ்வளவு இனிப்பானதாக இருந்தாலும் அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்று ஒதுக்கிவைத்தார்கள். மத்ரஸாவில் இதைப் பாடமாகக் கேட்டவன் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகிறேன்.

பொலன்னறுவைக் கல்லின் ஸனதைப் பாருங்கள். அரலகன்வில மகாவலித் திட்டத்தின் நீர்ப்பாசனப் பிரதேசம். வாய்க்கால் நீரிலும் வயற்சேற்றிலும் டயற்றம் நிறைந்திருக்கும். அத்தகைய தரையிலிருந்து எடுக்கப்பட்ட, நுண்டுளைகள் நிறைந்த ஒரு கல் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும்வரை எந்த ஈரத்தைத் தொட்டது, எந்தக் கைகளில் இருந்தது? எடுக்கப்பட்ட கல்லும் விழுந்த கல்லும் ஒன்றுதானா? இக்கேள்விகளுக்கு உறுதியான விடை கிடைத்த பின்னரே நுணுக்குக்காட்டியைத் தொட வேண்டும். அறிவிப்போ சில நாட்களுக்குள், அதே ஜனவரியில் வெளிவந்துவிட்டது.

மத்னுக்கு வருவோம். சங்ககாலப் பாடல் என்று ஒருவர் ஓர் ஏட்டைக் கொண்டுவந்து தருகிறார். அதில் தலைவி மிளகாய் அரைத்துக் குழம்பு வைக்கிறாள். அதற்குமேல் நாம் வாசிக்க வேண்டியதில்லை. மிளகாய் போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பண்டம். ஏட்டின் வயதை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆதி உயிரின் கதையில் டயற்றம் அந்த மிளகாயைப் போன்றது. பூமியின் வயது ஏறத்தாழ 4,540 மில்லியன் ஆண்டுகள். உயிரின் மிகப் பழைய சான்றுகளுள் பரவலாக ஏற்கப்பட்டவை மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பாராப் பகுதியில் உள்ளன. அவை ஏறத்தாழ 3,480 மில்லியன் ஆண்டுப் பழைமையான ஸ்ட்ரோமெற்றோலைட் பாறைகள். ஆழமற்ற நீரில் நுண்ணுயிர்கள் ஒட்டும் படலமாக வளர்ந்து, மேலே படியும் மணலையும் கனியுப்பையும் பிடித்து, அதன்மீது மீண்டும் வளர்ந்து, தோசைகளை அடுக்கியதுபோல் எழுப்பிய படைகள் அவை. அக்காலத்து உயிர்கள் கரு இல்லாத மிகச் சிறிய கலங்கள். வளியில் ஒட்சிசன் நிலைத்ததே ஏறத்தாழ 2,400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர்தான். கருவுள்ள கலங்கள் அதற்கும் பிந்தியவை. இந்தியாவின் சித்திரகூடத்தில் ஏறத்தாழ 1,600 மில்லியன் ஆண்டுப் பாறைகளில் சிவப்பு அல்காவை ஒத்த உயிர்ச்சுவடுகள் கிடைத்ததாக 2017 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

டயற்றம் எங்கே வருகிறது? அதன் நம்பத்தகுந்த சுவடுகள் 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் குறைந்த வயதுடையவை. அதாவது டைனோசர்கள் நடமாடிய காலம். இன்னொன்றும் உண்டு. டயற்றத்தின் உள்ளே ஒளித்தொகுப்பு நடத்தும் பச்சையவுருமணி, முன்னொரு காலத்தில் அதன் மூதாதை விழுங்கிய சிவப்பு அல்காவொன்றின் எச்சம். பூமியின் நெடிய குடும்பக் கதையொன்றை அது தன் உடம்பிலேயே சுமக்கிறது. ஆதி உயிர் வானத்திலிருந்து வந்தது என்று காட்டக் கொண்டுவந்த சாட்சி, இந்தப் பூமியில் மிகப் பிந்திப் பிறந்தவரின் முகத்தோடு நிற்கிறது. ஸனத் தெரியாவிட்டாலும் இந்த மத்ன் ஒன்றே எம்மை நிறுத்தியிருக்க வேண்டும்.

இனி மற்றக் கல்லுக்கு வருகிறேன். 1969 செப்டெம்பர் 28 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற ஊருக்கருகே காபன் மிகுந்த விண்கல் ஒன்று விழுந்தது. அதன் துண்டு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்குச் சென்றது. அங்கு ஆராய்ந்த குழுவில் ஒருவர் சிரில் பொன்னம்பெரும. 1923 இல் காலியில் பிறந்தவர். எம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி, அவர் முதலில் பெற்ற பட்டம் தத்துவத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில், 1948 இல். பின்னர் இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனம் கற்று, கலிபோர்னியாவின் பேர்க்லியில் 1962 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1984 இல் கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் வந்தார். 1994 இல் காலமானார்.

அவர் காலத்து ஆய்வாளர்களுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை இருந்தது. 1864 இல் பிரான்சின் ஒர்கெய் என்ற இடத்தில் விழுந்த விண்கல்லில் உயிரின் வடிவங்கள் இருப்பதாக 1961 இல் அறிவிக்கப்பட்டது. சோதித்தபோது அவற்றுள் சில பூமியின் மகரந்தமணிகள் என்று தெரிந்தது. 1964 இல் அதைவிட வெட்கக்கேடான ஒன்று வெளிவந்தது. அக்கல்லின் ஒரு துண்டில் புல்வகையொன்றின் விதையையும் நிலக்கரித் துணுக்குகளையும் யாரோ பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். நூறு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கல்லின் ஸனத் அது.

ஆகவே மர்ச்சிசன் கல்லை ஆராய்ந்தவர்கள் தமக்கு எதிராகத் தாமே கேள்வி கேட்டார்கள். கல்லில் அமினோ அமிலம் இருந்தது. நல்லது. ஆனால் விரல் பட்டாலே அமினோ அமிலம் ஒட்டுமே? இதை எவ்வாறு பிரித்தறிவது? அமினோ அமிலங்கள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் அமையலாம், இடக்கையும் வலக்கையும் போல. பூமியின் உயிர்கள் தம் புரதங்களைக் கட்டுவது இடக்கை வடிவத்தால் மட்டுமே. ஆய்வாளர் கைபட்டு ஒட்டியிருந்தால் இடக்கைதான் மிகுந்திருக்கும். கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. அத்தோடு உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தாத அமினோ அமிலங்களும் அதில் இருந்தன. ஆகவே இவை விண்வெளியில் உருவானவை என்றார்கள். அதற்கு மேல் போகவில்லை. உயிர் கிடைத்தது என்று அவர்கள் சொல்லவில்லை. உயிரைக் கட்ட உதவும் செங்கல் அங்கும் வேகிறது என்றே சொன்னார்கள்.

இரண்டு கட்டுரைகளின் தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இலக்கிய வாசகருக்குப் பயன்படும். 1970 டிசம்பரில் வெளியான மர்ச்சிசன் கட்டுரையின் தலைப்பு 'சான்று' என்ற சொல்லோடு தொடங்குகிறது. சான்று என்றால் எடைபோட்டுப் பார்க்கும்படி வாசகரிடம் ஒப்படைப்பது. 2013 கட்டுரையின் தலைப்போ புதிய விண்கல்லில் டயற்றச் சுவடுகள் என்று முடிவையே சொல்லிவிடுகிறது. விண்கல்தானா என்பதும் சுவடுதானா என்பதும் கட்டுரை நிறுவ வேண்டிய இரண்டு விடயங்கள். தலைப்பு அவ்விரண்டையும் தீர்த்துவைத்த பின்னரே கட்டுரை தொடங்குகிறது. சிறுகதையில் முதல் வரியிலேயே நீதியைச் சொல்லும் எழுத்தாளரை நாம் எத்தனை தடவை கண்டித்திருக்கிறோம்!

பிற்காலச் செய்தி ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 2023 செப்டெம்பரில் நாசாவின் விண்கலம் பெனு என்ற சிறுகோளிலிருந்து 121.6 கிராம் கல்லும் தூளும் மூடிய பேழையில் கொண்டுவந்தது. வயல் இல்லை, வாய்க்கால் இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை. தானாக வந்து விழுந்த கற்களுக்கு இவ்வளவு சுத்தமான ஸனத் கிடைப்பதில்லை. 2025 ஜனவரியில் முடிவுகள் வெளியாயின. உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 அதில் இருந்தன. இடக்கை வலக்கை ஏறத்தாழச் சமமாக இருந்தன. மரபுப் பொருளின் ஐந்து மூலங்களும் இருந்தன. உயிர் இருக்கவில்லை. பொன்னம்பெரும இருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

விக்கிரமசிங்கவுக்கு அநீதி செய்யவும் கூடாது. விண்மீன்களுக்கிடையிலுள்ள தூசியில் காபன் சேர்வைகள் உண்டு என்று பிரெட் ஹொயிலோடு சேர்ந்து அவர் வலியுறுத்திய காலத்தில் அதை நம்பியோர் குறைவு. இன்று விண்வெளியில் சேதனச் சேர்வைகள் மலிந்திருப்பது பாடநூலில் உள்ள செய்தி. ஒருவர் ஒரு விடயத்தில் சரியாக இருந்தார் என்பதற்காக அவருடைய எல்லா அறிவிப்புகளையும் ஏற்க வேண்டியதில்லை. ஒரு விடயத்தில் வழுவினார் என்பதற்காக அனைத்தையும் தள்ளவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும். இதுவும் எமது பழைய அறிஞர்கள் காட்டிய வழிதான்.

எம்மவர் எழுத்தில் இவ்விருவரும் எவ்வாறு வருகிறார்கள் என்பதையும் பேசியாக வேண்டும். பழைய இரும்புக் குவியலில் சூறாவளி வீசிப் போயிங் 747 விமானம் தானாக அமையுமா என்ற ஹொயிலின் உவமையைப் பயானிலும் மார்க்கச் சஞ்சிகைகளிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். உயிர் தற்செயலாகத் தோன்றவில்லை என்பதற்கு ஒரு பெரிய விஞ்ஞானியின் சாட்சியமாக அது முன்வைக்கப்படுகிறது. ஆனால் அந்த வாதத்தின் மறுபாதியை எவரும் சொல்வதில்லை. உயிர் பூமியில் தோன்றியிருக்க முடியாது, ஆகவே வால்வெள்ளிகளோடு வந்தது என்பதற்கே ஹொயிலும் விக்கிரமசிங்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். பாதி வசனத்தை வெட்டியெடுத்து மேற்கோள் காட்டுபவரை இலக்கியத்தில் நாம் மன்னிப்பதில்லை. இங்கு மட்டும் ஏன் மன்னிக்கிறோம்? படைத்தவனை நம்புவதற்கு முஃமினுக்குப் பொலன்னறுவைக் கல்லும் வேண்டாம், போயிங் விமானமும் வேண்டாம். பலவீனமான செய்தியை ஈமானுக்கு முட்டுக்கட்டையாக நிறுத்தினால், நாளை அது முறியும்போது எமது பிள்ளைகள் எதைச் சந்தேகிப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் பிழைக்குக் காரணம் மார்க்கப் பற்று என்று சொல்லமாட்டேன். அது ஊர்ப் பெருமை. எமது நாட்டுக்கு ஆதி உயிரின் கதையில் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை. பசறையைச் சுற்றியுள்ள பாறைகள் அந்த ஆசைக்கு உதவுவதில்லை. மத்திய மலைநாட்டின் பாறைகளுள் பல மிகப் பழைய கடலடி மணலும் சேறும் சுண்ணாம்புமாக இருந்தவை. ஏறத்தாழ 550 முதல் 600 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் கண்டங்கள் மோதியபோது பூமியின் ஆழத்தில் புதைந்து, கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிப்போயின. கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மலைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் டொலமைட் தூளும் அவ்வாறு வெந்த சுண்ணாம்புக் கல்தான். அந்தக் கடலில் நுண்ணுயிர்ப் படலங்கள் வளர்ந்திருக்கலாம். அவற்றின் வடிவம் எதுவும் எமது கல்லில் எஞ்சவில்லை. எரிந்துபோன ஏட்டில் எழுத்தைத் தேட முடியாது. இதை ஒப்புக்கொள்வதில் எமக்கு ஒரு குறையும் இல்லை. பில்பாராவின் கல் அவுஸ்திரேலியருக்கு மட்டும் சொந்தமான சரித்திரமுமில்லை.

ஆதி உயிரைத் தேடுபவர்களுக்குள்ளேயே இந்த ஒப்புக்கொள்ளல் வழக்கமாக இருக்கிறது. கிரீன்லாந்தில் 3,700 மில்லியன் ஆண்டுப் பாறையில் ஸ்ட்ரோமெற்றோலைட் கண்டதாக 2016 இல் ஒரு குழு அறிவித்தது. 2018 இல் இன்னொரு குழு அதே பாறையைப் பார்த்து, அது அழுத்தத்தில் பாறை மடிந்த வடிவம் என்றது. வாதம் பகிரங்கமாக நடந்தது. எவரும் எவரையும் "இரிங்க" என்று சொல்லி அடக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் வலயக் கல்விப் பணிமனையில் நடந்த ஒரு செயலமர்வில் அந்த மாணவியைக் கண்டேன். இப்போது தோட்டப் பாடசாலையொன்றில் ஆரம்பப்பிரிவு ஆசிரியை. உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்ததாகச் சொன்னாள். பொலன்னறுவைக் கல்லைப் பற்றி அன்று அவள் கேட்டது சரி, நான் சொன்னது பிழை என்று சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படியா சேர்? அது எனக்கு ஞாபகமில்லையே" என்றாள். பிறகு, "எல்லாரும் சிரிச்சது மட்டும் ஞாபகமிருக்கு" என்றாள்.

நான் இப்போதும் பத்தாம் வகுப்புக்கு ஓடைத் தண்ணீரைக் காட்டுகிறேன். பக்கத்திலேயே அந்தப் பத்திரிகைப் படத்தையும் வைக்கிறேன். இரண்டையும் பார்த்துவிட்டு, கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். விடையை நான் சொல்வதில்லை. பெரும்பாலான வருடங்களில் யாராவது ஒரு பிள்ளை, அந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எழுதுகிறது.